ஹெபடைடிஸ் பி: காமாலை என்று சொல்லாதீர்கள்

யாங்கூனில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "அத்தெ யவுங் அத்தா வா பி" இருக்கிறது என்று சயாமா (நர்சம்மா) சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அதைத் தமிழில் "காமாலையாம்" என்றார். மருமகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விழி பால் போல வெளுத்திருந்தது. "மஞ்சளே இல்லையே, யாருடைய இரத்தத்தையோ மாற்றிப் பார்த்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கப் போனார். அட்டையைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் பிக்குப் பர்மியர் வைத்த பெயரிலேயே மஞ்சள் இருக்கிறது. அத்தெ என்றால் ஈரல், யவுங் என்றால் வீங்குதல், அத்தா என்றால் சதை, வா என்றால் மஞ்சள். ஈரல் வீங்கி உடம்பு மஞ்சளிப்பது என்று பொருள். நம்முடைய காமாலையும் அப்படித்தான். வடமொழியின் "காமலா"விலிருந்து வந்த அந்தச் சொல், கண்ணும் தோலும் சிறுநீரும் மஞ்சளாவதைக் குறிக்கிறது. பிலிருபின் என்ற நிறமி இரத்தத்தில் தேங்கினால் மஞ்சள் தெரியும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் வரும், மலேரியாவிலும் வரலாம், பிறந்த குழந்தைக்கும் வரும். ஆகவே காமாலை ஓர் அறிகுறி. அதை நோயின் பெயராக வைத்துக்கொண்டால் தவறிப் போவோம். ஹெபடைடிஸ் பி உள்ள கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கண்ணில் மஞ்சள் துளியும் இருக்காது. நன்றாகச் சாப்பிடுவார்கள், வேலை செய்வார்கள். இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு அதன்மேல் பெரிய நம்பிக்கையை உண்டாக்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

சரி, ஹெபடைடிஸ் என்றால் என்ன? கிரேக்கத்தில் "ஹெபார்" கல்லீரல். "இடிஸ்" என்ற ஈறு, மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கிறது. தமிழில் கல்லீரல் அழற்சி என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இதுவும் ஒன்று. சுழல் என்பதிலிருந்து சுழற்சி வந்ததைப் போல, அழல் என்பதிலிருந்து அழற்சி. அழல் என்றால் நெருப்பு. "வீக்கம்" என்று சிலர் எழுதுகிறார்கள். வீக்கம் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடும், உள்ளே எரிவதை அழற்சிதான் சொல்லும். கல்லீரல் என்ற சொல்லும் அழகானது. நுரைபோல் இருப்பது நுரையீரல், கல்போல் கெட்டியானது கல்லீரல்.

"பி" எதன் சுருக்கமும் இல்லை. உணவாலும் நீராலும் பரவுவதற்கு ஏ என்றும், இரத்தத்தால் பரவுவதற்கு பி என்றும் 1947இல் மெக்கல்லம் என்ற மருத்துவர் பெயரிட்டார். 1960களில் பரூக் பிளம்பெர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்ட புரதம்தான் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்று பின்னர் தெரிந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு இன்றும் அந்தப் புரதத்தைத்தான் தேடுகிறார்கள். பர்மியர்களும் பேச்சில் "பி போ", அதாவது பிக் கிருமி என்பதால், எழுத்தை மாற்றாமல் "கல்லீரல் அழற்சி பி" என்பதே நமக்கு வசதி.

மியான்மரில் 2015இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் நூற்றுக்கு 6.5 பேரிடம் இந்தத் தொற்று இருந்தது. ஆகவே இது யாரோ ஒருவருடைய வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது.

இனி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மிகவும் தேவையான சொல். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஆங்கில நூல்களைப் பார்த்துச் "செங்குத்துப் பரவல்" என்று எழுதுகிறார்கள். யாருக்கும் புரியாது. "தாய்வழித் தொற்று" என்பது இன்னும் ஆபத்து. தாய்வழிச் சொத்து, தாய்வழி உறவு என்று கேட்டுப் பழகிய காது அதைப் பரம்பரை நோய் என்று எடுத்துக்கொள்ளும். அந்த மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "அவள் வீட்டுப் பரம்பரையில் இருந்ததா?" என்பதுதான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். இது பரம்பரை நோய் அன்று. பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயின் இரத்தம் படுவதால் தொற்றுவது. "தாய்-சேய்த் தொற்று" என்று சொல்லுங்கள். தொற்று என்றாலே தடுக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வரும்.

தடுக்கவும் முடிகிறது. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நாட்பட்டதாக மாறுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு அது நாட்பட்டு நிற்கும். பிற்காலத்தில் கல்லீரல் சுருங்கவும் புற்றுநோய் வரவும் இடம் கொடுக்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. தாயின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தால் கர்ப்ப காலத்திலேயே, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். கிடைக்கும் இடங்களில் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் உண்டு.

அட்டையின் ஓரத்தில் "கல்லீரல் அழற்சி பி, பிறந்த அன்றே ஊசி" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். பிரசவத்தன்று மாமியார் அதைக் கையிலேயே வைத்திருந்தார். குழந்தையின் தொடையில் ஊசி போட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த சயாமாவிடம், பால் கொடுக்கலாமா என்று அவரே கேட்டார். சயாமா நிமிர்ந்து பார்த்து, "யதெ" என்றார். கொடுக்கலாம்.