மூன்று மணிக்கு வேலை செய்யும் ஊசி

மார்கழி மாதம், மின்விசிறிகூடப் போடவில்லை. ஆனாலும் காலையில், சர்க்கரை நோய்க்கு இரவில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியப்பாவின் தலையணை நனைந்து கிடந்தது. ஏதோ கெட்ட கனவு என்றார். தலை வலிக்கிறது என்றார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 96. அழகான எண் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அவரை எழுப்பி விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 52 காட்டியது. ஆபத்தான தாழ்வு.

உறங்கும் நேரத்தில் மூளைக்குத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல் சிறுகச் சிறுக இரத்தத்தில் விடுகிறது. சர்க்கரை சற்று இறங்கினாலே ஆரோக்கியமான கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் போட்ட இன்சுலினுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தோலுக்கடியில் சேர்த்துவைத்த சரக்கு அது. சர்க்கரை 60க்குப் போனாலும் தன்பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருக்கும்.

பெரியப்பா போட்டுக்கொண்டது என்பிஎச் என்ற, மெதுவாகக் கரையும் இன்சுலின். கோபன்ஹேகனில் ஹேகடோர்ன் என்ற மருத்துவரின் ஆய்வகம் 1936இல், மீன் விந்தில் கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்து அதன் வேகத்தைக் குறைத்தது. அதிலிருந்து 1946இல் பிறந்ததுதான் என்பிஎச். பால்போல் கலங்கிய அந்தத் திரவத்தில் இன்சுலின் நுண்படிகங்களாக மிதக்கிறது. போட்ட நாலு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்தைத் தொடும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அந்த உச்சம் நள்ளிரவுக்கும் நாலு மணிக்கும் இடையில் வரும். விடியும் நேரத்திலோ மருந்து தணிகிறது, கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றுகின்றன. காலை 96 எங்களை ஏமாற்றியது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் இன்சுலின் பேனாவை உருட்டாமலே குத்திக்கொள்வார். படிகங்கள் அடியில் தங்கிவிட்டால் ஒரு நாள் மருந்து குறையும், இன்னொரு நாள் கூடும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறையாவது உருட்டி, மேலும் கீழும் சாய்த்து, ஒரே வெண்மையான பிறகே போட வேண்டும்.

2000க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த கிளார்ஜின் என்ற இன்சுலின் தெளிந்த நீர்போல் இருக்கும். குப்பிக்குள் அது அமிலத் திரவம். தோலுக்கடியில் அமிலம் தணிந்ததும் படிந்து, கிட்டத்தட்ட ஒரே சீராகக் கரைகிறது. டெக்ளுடெக் என்ற இன்னொரு இன்சுலின் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு 42 மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். அதன் அளவை மாற்றினால் பலன் முழுமையாகத் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். தினமும் கூட்டிக் குறைப்பது வீண் வேலை. இவற்றில் இரவுத் தாழ்வு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மாலையில் நெடுந்தூரம் நடந்தால் தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை இழுக்கும். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதையே தடுத்துவிடும்.

பகலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நமக்குத் தெரிந்துவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் அட்ரினலின் எழுப்பும் அந்த எச்சரிக்கை மங்கிப்போகிறது. மிஞ்சுவது நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலைத் தலைவலி. அதனால் சந்தேகம் வந்தால் சில நாள் மூன்று மணிக்குச் சோதிப்பதோ, சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொள்வதோதான் வழி.

70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சமையலறைச் சர்க்கரை சீக்கிரம் உடையாது, குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். ஊசி மருந்து இன்னும் கரைந்துகொண்டிருப்பதால், ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் பாலோ அவசியம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

மருத்துவர் பெரியப்பாவின் ஊசியை இரவு பத்து மணிக்குத் தள்ளி, 20 யூனிட்டை 16 ஆக்கினார். அடுத்த வாரம் மூன்று மணிக்குப் பார்த்தபோது 118. பெரியம்மாவுக்கு மட்டும் அந்த எண் போதவில்லை. இப்போதும் நடுராத்திரியில் எழுந்து, அவர் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.