இன்சுலின் குப்பிக்குள் மரபணு இல்லை

உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாந்தியும் மூச்சிரைப்புமாகத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "அது மரபணு மாத்தின மருந்தாமே டாக்டர், புள்ள உடம்பையே மாத்திடும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு ஆற்றமாட்டாமல்தான் இதை எழுதுகிறேன்.

மரபணு மாற்றம் நடப்பது உண்மை. அது நடப்பது உங்கள் பிள்ளையின் உடம்பில் அல்ல, ஆலையில் வளரும் ஒரு நுண்ணுயிரில். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளோ, பேக்கரியில் பன் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்குள்ளோ மனித இன்சுலினுக்கான மரபணுவை வைக்கிறார்கள். அந்த உயிர் பெரிய கலனில் பெருகி, தன் புரதங்களோடு நம் புரதமான இன்சுலினையும் சேர்த்துச் செய்கிறது. பிறகு செல்லையும் அதன் மரபணுவையும் கழித்து, புரதத்தை மட்டும் படிப்படியாகப் பிரித்தெடுக்கிறார்கள். மரபணுவின் வேலை ஆலையிலேயே முடிந்துவிடுகிறது.

குப்பியில் இருப்பது இன்சுலின், கொஞ்சம் துத்தநாகம், கிளிசரால், தண்ணீர், கெடாமல் காக்கும் மெட்டாகிரெசால் அல்லது ஃபீனால். திறந்ததும் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதே, அது இந்தக் கடைசிப் பொருளின் வாடை. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்களால் ஆன சின்னப் புரதம். அது செல்லின் மேற்புறத்தில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து, சர்க்கரையை உள்ளே விடச் சொல்கிறது. சில மணி நேரத்தில் கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் சிதைத்துவிடுகின்றன. மரபணுவைத் திருத்தி எழுதும் வேலை அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரே ஊசியில் நோய் தீர்ந்திருக்கும், தினமும் குத்திக்கொள்ள வேண்டியிருக்காது.

"இயற்கையா எடுத்தா நல்லதுதானே?" என்பது அடுத்த கேள்வி. 1982-க்கு முன் இன்சுலின் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் வந்தது. பன்றியின் இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரு அமினோ அமிலத்திலும், மாட்டினுடையது மூன்றிலும் வேறுபடும். ஆலையில் செய்யும் மனித இன்சுலினில் ஒன்றுகூட மாறாது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் போடும் வளர்ச்சி ஹார்மோனின் கதை இதைவிடக் கொடியது. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனால் சில பிள்ளைகளுக்கு மூளையை அழிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் தொற்றியது 1985-ல் தெரியவந்தது. ஆலையில் செய்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது அதே ஆண்டில்தான். ரத்தத்திலிருந்து எடுத்த எட்டாம் உறைகாரணி வழியாக, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு எச்ஐவி பரவியதும் அந்தக் காலத்தில்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லிஸ்ப்ரோ, கிளார்ஜின் போன்ற இன்சுலின் வகைகளில் சில அமினோ அமிலங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். ஒன்று சீக்கிரம் வேலை செய்யும், மற்றது நாள் முழுக்க நிற்கும். கலங்கலாக இருக்கும் என்பிஹெச் இன்சுலினில் மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதம் சேர்கிறது. மீன் அலர்ஜி உள்ளவர்கள் அதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. இன்சுலின் ஒரு புரதம், முட்டை வெள்ளைக்கருவைப் போல. சூட்டில் திரிந்தால் பழையபடி ஆகாது. விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி. வெயிலில் நிற்கும் காரிலும் பைக் பெட்டியிலும் வைக்காதீர்கள். திறக்காத குப்பியை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். கதவுத் தட்டு போதும், ஃப்ரீசர் பக்கமே வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மூடிய டப்பாவில் போட்டு, தண்ணீருள்ள மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். திறந்த குப்பி பெரும்பாலும் நான்கு வாரம்தான். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் போடாதீர்கள். கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை மெதுவாக உருட்டுங்கள், குலுக்காதீர்கள். அப்புறமும் அடியில் கட்டியோ ஓரத்தில் பனி படிந்தது போலத் துகளோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது.

மரபணுவைவிடப் பெரிய ஆபத்து தப்பான சிரிஞ்ச். நம் ஊரில் 10 மில்லி குப்பிகள் பெரும்பாலும் யூ-40, அதாவது மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி யூ-40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆள் மயங்கிவிடுவார். யூ-40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி யூ-100 சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும். மருந்துக்கடையில் "ஒரு இன்சுலின் ஊசி குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், குப்பியைக் காட்டி வாங்குங்கள்.

ஊசி போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள், முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி. வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு திரண்டு கட்டியாகும், மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அப்புறம் "இந்த மருந்து வேலையே செய்யல" என்று அளவைக் கூட்டக் கேட்பீர்கள். பேனாவை அழுத்திய பிறகு பத்து எண்ணி ஊசியை எடுங்கள்.

டைப் 1 பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். சாப்பிடாதபோதும் உடம்புக்கு அது வேண்டும், இல்லையென்றால் கொழுப்பு கரைந்து, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் சேரும். மூன்று நான்கு மணிக்கொருமுறை சர்க்கரையையும், சோதனைப் பட்டை இருந்தால் கீட்டோனையும் பாருங்கள். எவ்வளவு போடுவது என்று மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு ஆழமாக வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கொண்டுவாருங்கள்.