மந்தநிலை வந்தால் கணினிச் செலவு ஏன் முதலில் சரிகிறது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது என மராமத்து வேலைகள் நடக்கும். முந்தைய பருவத்தில் மீன்பாடு சரியில்லை என்றால், படகுக்காரர் ஓட்டை அடைப்பதை நிறுத்துவதில்லை. கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியைப் புதிதாக வாங்குவதைத்தான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறார். மந்தநிலையில் நிறுவனங்களும் தொழில்நுட்பச் செலவை இப்படித்தான் தள்ளிப்போடுகின்றன. ஆனால் விற்பனை சற்றே தளர்ந்தாலும் இந்தச் செலவு பல மடங்கு சரிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

மண்டபத்தில் இறால், நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் 100 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதானால், ஆண்டுக்கு 20 வாங்க வேண்டும். வியாபாரம் 10% வளர்ந்தால் கூடுதலாக 10 தேவைப்படும், ஆக 30. அடுத்த ஆண்டு வளர்ச்சி நின்றுவிடுகிறது. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அப்போதும் 30 என்பது 20 ஆகி, கணினி விற்பவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. "பழையதை இன்னும் ஓராண்டு ஓட்டுவோம்" என்று கணக்காளர் சொல்லிவிட்டால், அந்த ஆண்டு ஒன்றுகூட வாங்கப்படாது. பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1917-இல் விளக்கிய முடுக்கி விதி இதுதான்: முதலீடு விற்பனையின் அளவைவிட, விற்பனை வளரும் வேகத்தையே பின்தொடர்கிறது.

2001-இல், கணினிகளை இணைக்கும் வலையமைப்புக் கருவிகளை விற்கும் அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் விற்காமல் தேங்கிய சரக்கில் சுமார் 220 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ள நேர்ந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்த மறு ஆண்டான 2009-இல், உலகப் பொருளாதாரம் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சுருங்கியபோது, தகவல் தொழில்நுட்பச் செலவு ஏறத்தாழ 5% குறைந்ததாகச் சந்தை ஆய்வு நிறுவனமான கார்ட்னர் கணக்கிட்டது.

வெட்டு எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுவதுமில்லை. மைனஸ் 18 டிகிரியில் சரக்கு வைத்திருக்கும் குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலைப் பதிவுக் கருவியை யாரும் அணைக்க முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு வாங்குபவர் சரக்கை எடுக்கமாட்டார். கணக்கு மென்பொருளின் ஆண்டுக் கட்டணமும் பராமரிப்பு ஒப்பந்தமும் அவ்வாறே. பெரும்பாலான நிறுவனங்களில் இப்படி நிறுத்த முடியாத செலவே தொழில்நுட்பச் செலவின் பெரும்பகுதி என்பதால், மொத்தத்தில் 10% குறைக்கச் சொன்னால், அந்த வெட்டு முழுவதும் மிச்சமிருக்கும் சிறு பகுதியான புதிய திட்டங்கள் மீதே விழுந்து, அவை 10 விழுக்காட்டைவிடப் பல மடங்கு வெட்டுப்படும். என் பார்வையில், இதில் மிக ஆபத்தானது பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதுதான். அந்தச் சேமிப்பு கணக்கில் தெரியும், அதனால் வரும் ஆபத்து எந்தக் கணக்கிலும் தெரியாது.

மந்தநிலை சிலவற்றை வளர்க்கவும் செய்கிறது. அமேசான் 2006-இல் தொடங்கிய கணினி வாடகைச் சேவை, பெருந்தொகை போட்டுச் சர்வர் வாங்க முடியாத காலத்தில் மாதக் கட்டணமாகச் செலுத்த வழி தந்தது. 2020 இன்னொரு விதிவிலக்கு: பொருளாதாரம் முடங்கியும், வீட்டிலிருந்து வேலை என்றானதால் கணினி விற்பனை 13% கூடி 30 கோடியைத் தாண்டியது என்கிறது சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி.

தொண்டியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ சென்னை சென்று மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது இருமுனையாக வருகிறது. அமெரிக்க வாடிக்கையாளர் புதிய திட்டத்தை நிறுத்தினால் இங்கே ஆள் எடுப்பது நிற்கும். அதே வாடிக்கையாளர் செலவைக் குறைப்பதற்காகப் பராமரிப்பு வேலையை இந்தியாவுக்கு மாற்றினால் ஒப்பந்தம் கூடும். முதலாவது சில வாரங்களிலேயே நடந்துவிடும். இரண்டாவதற்கு டெண்டர், பேரம், கையெழுத்து எனப் பல மாதங்கள் பிடிக்கும்.