மாரி மேகத்துக்கு மேலிருந்து வெள்ளத்தைப் பார்ப்பது எப்படி?

கார்த்திகை, மார்கழியில் இலங்கையின் வடக்கில் வெள்ளம் நிற்கிற நாட்களில் செய்மதிப் படத்தைத் திறந்தால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். கமரா வைத்த செய்மதிக்கு வெயிலும் வேண்டும், தெளிந்த வானமும் வேண்டும். ராடர் செய்மதிக்கு இரண்டும் வேண்டாம். அது தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 பாவிக்கிற அலையின் நீளம் ஏறக்குறைய 5.5 சென்டிமீற்றர், மேகத்துளிகளோ அதைவிட மிக மிகச் சிறியவை, அதனால் அலை தடையில்லாமல் கடந்து வந்துவிடும், நடுச்சாமத்திலும்கூட.

சரி, கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து எவ்வளவு துல்லியமாகப் பார்க்கலாம்? அதன் அன்ரனா 12 மீற்றர் நீளம். அதை மட்டும் நம்பினால், செய்மதி ஓடுகிற திசையில் ஏறக்குறைய 4 கிலோமீற்றருக்குள் இருப்பதெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், நல்லூர்க் கோயிலும் யாழ் பஸ் நிலையமும் ஒரே புள்ளியாகிவிடும். ஆனால் செய்மதி செக்கனுக்கு 7 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டே ஒரே இடத்தின் எதிரொலியைத் திரும்பத் திரும்ப வாங்குகிறது. அவற்றைக் கணினியில் சேர்த்தால் மிக நீளமான ஓர் அன்ரனா வைத்துப் பார்த்த மாதிரி, 20 மீற்றர் அளவு வரை பிரித்தறியலாம்.

ராடர் பக்கவாட்டில் சாய்ந்துதான் பார்க்கும். மழை இரவில் மோட்டார் சைக்கிளில் போகும்போது தண்ணீர் நிற்கிற இடம் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் லைற் வெளிச்சம் அதில் பட்டு முன்னால் போய்விடுகிறது, எங்கள் கண்ணுக்குத் திரும்புவதில்லை. ராடர் படத்திலும் அப்படியேதான் தண்ணீர் கறுப்பு.

ஆனால் கறுப்பெல்லாம் வெள்ளம் இல்லை! மணற்காட்டின் காய்ந்த மணலும் கறுப்பாகத் தெரியலாம். மறுபக்கம், தொண்டைமானாறு கடல்நீரேரியில் காற்றடித்து அலை எழும்பினால் தண்ணீரே வெளிச்சமாகிவிடும். நெல்வயல்தான் பெரிய தலையிடி, பயிர் தண்ணீருக்கு மேல் நின்றால் அலை நீரிலும் தண்டிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால் மூழ்கிய வயல் முன்பைவிடப் பிரகாசமாகத் தெரியக்கூடும். ஆகவே ஒரு படம் போதாது, அதே பாதையில் முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடத்தான் வேண்டும். எது வயல், எது தரவை, எந்தக் குளம் வழமையாகவே நிரம்பி நிற்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஊர் ஆட்களைவிட நல்ல ஆள் யார்?

நேரம் இன்னொரு சிக்கல். ஒரு சென்டினல்-1 செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் எடுக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது போன்ற வெள்ளம் அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால்தான் பெரிய அனர்த்தங்களின்போது பல நாடுகளின் செய்மதிகளை ஒன்றாகத் திருப்பிவிட ஒரு சர்வதேச உடன்படிக்கை வைத்திருக்கிறார்கள்.

மலையகத்துக்கு இதே ராடர் வேறு விதத்தில் உதவும். இரண்டு நாட்களின் எதிரொலிகளில் அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்பது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், நிலம் சில சென்டிமீற்றர் நகர்ந்ததைக்கூடக் கண்டுபிடிக்கலாம். 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. பல சரிவுகள் விழுவதற்கு முன் மெல்ல மெல்ல நகரும், ஆனால் 5.5 சென்டிமீற்றர் அலை இலைகளிலேயே சிதறிவிடுவதால் மரமடர்ந்த சரிவில் இந்த அளவீடு குழம்பிப்போகும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து ஏவிய நிசார் என்ற ராடர் செய்மதியில் 24 சென்டிமீற்றர் அலையும் இருக்கிறது, அது இலைகளைத் தாண்டி நிலம்வரை போகக்கூடியது.