கேள்வி கேட்டுட்டு 3 செகண்டு சும்மா நின்னா கிளாஸ்ல என்ன நடக்குது?

கிளாஸ்ல டீச்சர் ஒரு கேள்வி கேக்குறாங்க. கேட்டு முடிச்சதும் அடுத்து யாராவது வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க? அமெரிக்காவுல மேரி பட் ரோவ்னு ஒரு அறிவியல் கல்வி ஆராய்ச்சியாளர் இருந்தாங்க, அவங்க ஆறு வருஷமா 300க்கும் மேல கிளாஸ்ரூம் டேப்புகளை வச்சு இதை அளந்து பாத்து 1974ல எழுதினாங்க, சராசரி வெறும் 1 செகண்டுதான் வந்துச்சு. அதுக்குள்ள பதில் வரலன்னா டீச்சர் அதே கேள்விய வேற மாதிரி கேப்பாங்க, இல்ல வேற ஆள எழுப்புவாங்க, இல்ல தானே பதில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. பிள்ளை பதில் சொல்லி முடிச்ச உடனேயும் இதேதான், மூச்சு விடுறதுக்குள்ள டீச்சர் பேச ஆரம்பிச்சிருப்பாங்க.

இந்த ரெண்டு இடத்துலயும் 3 செகண்டு, அதுக்கு மேல காத்திருக்கச் சொல்லி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தப்போ கிளாஸே வேற மாதிரி ஆயிடுச்சு. பசங்களோட பதில் நீளமாச்சு, "தெரியாது"ன்னு சொல்றதும் வாயே திறக்காம நிக்கிறதும் குறைஞ்சது, கூப்பிடாமலே பதில் சொல்றவங்க கூடினாங்க, ஏன் அப்படி நினைக்கிறேன்னு காரணம் சேத்து சொல்ல ஆரம்பிச்சாங்க, பசங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதும் அவங்களே கேள்வி கேக்குறதும் அதிகமாச்சு. டீச்சர் பக்கமும் மாறுச்சு, கேள்விகளோட எண்ணிக்கை குறைஞ்சு கேள்விகள் ஆழமாச்சு. எனக்கு இதுல மனசுல நிக்கிறது இன்னொரு விஷயம். நல்லா படிக்கிறவங்கன்னு டீச்சர் நினைச்ச பசங்களுக்கு காத்திருந்த நேரம் அதிகம், சுமாரா படிக்கிறவங்கன்னு நினைச்ச பசங்களுக்கு கம்மி. யாருக்கு யோசிக்க நேரம் ரொம்ப தேவையோ அவங்களுக்குத்தான் கம்மியா கிடைச்சிருக்கு, அதுவும் டீச்சருக்கே தெரியாம. காத்திருந்து பாத்தப்போ, இவன் எங்க சொல்லப்போறான்னு விட்டுவச்ச பசங்களும் பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க, அவங்க மேல டீச்சர் வச்சிருந்த எண்ணமும் மாற ஆரம்பிச்சது.

சரி, அந்த கூடுதல் ரெண்டு செகண்டுல மூளைக்குள்ள என்னதான் நடக்குது? நாம ஒரு நேரத்துல மனசுல பிடிச்சு வச்சு யோசிக்கக்கூடிய இடம் ரொம்ப சின்னது. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001ல சுமார் 4 விஷயம்தான்னு கணக்கு சொன்னார். கேள்வி காதுல விழுந்ததும் அதை அந்த சின்ன இடத்துல வச்சுக்கணும், நீண்டகால நினைவுல இருந்து சம்பந்தப்பட்டதை தேடி எடுக்கணும், எடுத்தது பொருந்துதான்னு பாக்கணும், அப்புறம் வாக்கியமா கோக்கணும். நல்லா பழகின விஷயம்னா ஒரு செகண்டுல முடியும், புதுசா கத்துக்கிட்டதுன்னா முடியாது. டீச்சர் நடுவுல பேசினா அந்த புது வார்த்தைகளும் அதே சின்ன இடத்துக்குத்தான் வந்து உக்காரும், பாதி தேடிக்கிட்டு இருந்தது கலைஞ்சு போயிடும்.

தேடி எடுக்குறதுன்னு சொன்னேன்ல, அதுதான் இதுல முக்கியமான வேலை. ஞாபகத்துல இருந்து ஒண்ணை முயற்சி பண்ணி எடுக்கும்போது அது இன்னும் நல்லா பதியுது. 2006ல ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாரும் ரெண்டு சின்ன பாடங்களை படிச்சாங்க, அப்புறம் ஒண்ணை திரும்பப் படிச்சாங்க, இன்னொண்ணுக்கு பாடத்தைப் பாக்காம ஞாபகம் இருக்கிறதை எல்லாம் எழுதினாங்க, சரியா தப்பான்னு யாரும் சொல்லல. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா திரும்பப் படிச்சதுக்கு 81%, எழுதிப் பாத்ததுக்கு 75%. இதோட நிறுத்தியிருந்தா திரும்பப் படிக்கிறதுதான் நல்லதுன்னு முடிவு கட்டியிருப்போம். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா தலைகீழா ஆயிடுச்சு, திரும்பப் படிச்சதுக்கு 42%, எழுதிப் பாத்ததுக்கு 56%. அதே பேப்பர்ல இருக்கிற ரெண்டாவது சோதனையில, திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு நம்பிக்கையா சொல்லியிருக்காங்க.

இந்த நம்பிக்கை ஏமாத்துறது பெரிய பிரச்சனை. 2019ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இயற்பியல் கிளாஸ்ல லூயி டெலோரியேவும் மத்தவங்களும் பண்ண ஆய்வுல, ஒரு குரூப்புக்கு நல்ல அனுபவமுள்ள ஆசிரியர் சரளமா லெக்சர் எடுத்தார், இன்னொரு குரூப்புக்கு அதே பாடத்தை பசங்களே குழுவா உக்காந்து கணக்கு போட்டுப் பாக்குற மாதிரி வச்சாங்க, அப்புறம் குரூப்ப மாத்திப் பாத்தாங்க. டெஸ்ட்ல மார்க் அதிகம் வந்தது தாங்களே போட்டுப் பாத்தவங்களுக்கு, ஆனா நல்லா கத்துக்கிட்டோம்னு சொன்னது லெக்சர் கேட்டவங்க! கஷ்டப்பட்டு யோசிக்கும்போது நமக்கு புரியலயோன்னு தோணுது, சரளமா ஒருத்தர் சொல்லும்போது புரிஞ்சிருச்சுன்னு தோணுது, ரெண்டுமே தப்பான சிக்னல். "இன்னிக்கு கிளாஸ் புரிஞ்சுதா?"ன்னு கேட்டு எல்லாரும் தலையாட்டினா அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு நான் நினைக்கிறது இதனாலதான்.

இதுக்காக எல்லாத்தையும் பசங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட முடியாது. தேடி எடுக்க உள்ள ஏதாவது இருக்கணும்ல. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985ல இயற்கணிதத்தை வச்சு காட்டினது இதுதான், புதுசா கத்துக்கிறவங்களுக்கு முழுசா போட்டுக் காட்டின கணக்குகளைக் கொடுத்து படிக்கச் சொன்னா, அதே கணக்குகளை நீங்களே போடுங்கன்னு விட்டவங்களை விட சீக்கிரமாவும் தப்பு கம்மியாவும் அடுத்த கணக்குகளை போட்டாங்க. கொஞ்சம் தேறின பிறகு இது மாறிடும், அப்போ போட்டுக் காட்டுறதே இடைஞ்சலாயிடுது. ஆக எப்போ சொல்லிக் கொடுக்கணும், எப்போ வாய மூடிக்கிட்டு காத்திருக்கணும்ங்கிறது அந்தப் பிள்ளை இப்போ எந்த இடத்துல இருக்குங்கிறதைப் பொறுத்தது, அதை டீச்சர் அங்கேயே கண்டுபிடிச்சாகணும்.

அதுக்கு பாடம் தெரிஞ்சா மட்டும் போதாது. 3.14 பெருசா 3.5 பெருசான்னு கேட்டா நிறைய பசங்க 3.14னு சொல்வாங்க, ஏன்னா 14, 5 விட பெருசு. கணக்கு நல்லா தெரிஞ்ச ஒருத்தர் இதை கவனக்குறைவுன்னு நினைச்சு திருத்திட்டுப் போயிடுவார். கணக்கு சொல்லித்தர தெரிஞ்சவர், முழு எண்ணோட விதியை தசமத்துக்கும் போட்டுப் பாக்குறாங்கன்னு புரிஞ்சுக்குவார், அடுத்த கேள்வியா 3.14 பெருசா 3.50 பெருசான்னு கேப்பார். எந்தப் பாடத்துல பசங்க எங்க எப்படி தடுமாறுவாங்க, அதுக்கு எந்த உதாரணம் சரியா வரும்ங்கிற இந்த அறிவு தனி வகைன்னு கல்வி ஆராய்ச்சியாளர் லீ ஷூல்மன் 1986ல எழுதினார், ஆசிரியர் கல்வி ஆராய்ச்சியில அது ஒரு திருப்பம்.

இப்போ கஷ்டமான பகுதி. இதையெல்லாம் டீச்சர்களுக்கு ஒரு ஹால்ல உக்கார வச்சு ஸ்லைடு போட்டு சொன்னா மாறிடுமா? மாறாது, மேல சொன்னதெல்லாம் டீச்சர்களோட மூளைக்கும் பொருந்தும்ல. தலையாட்டுவாங்க, புரிஞ்ச மாதிரியும் இருக்கும், மறுநாள் கிளாஸ்ல கேள்வி கேட்டு ஒரு செகண்டுல பதில சொல்லிடுவாங்க. அவங்க மேல குத்தம் இல்ல. ஒருத்தர் டீச்சர் ட்ரெய்னிங்ல சேர்றதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல உக்காந்து சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பாத்திருக்கார்னு சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975ல கணக்கு சொன்னார். டீச்சர்னா எப்படி இருப்பாங்கங்கிற படம் அப்பவே பதிஞ்சு போச்சு, ஆனா டீச்சர் ஏன் அந்த உதாரணத்தை எடுத்தாங்க, எதை கவனிச்சு அந்த முடிவு எடுத்தாங்கங்கிறது பெஞ்சுல இருந்து பாத்தவருக்கு தெரியாது. கிளாஸ்ல 40 முகம் பாத்துக்கிட்டு இருக்கும்போது யோசிச்சு செய்ய நேரமில்ல, பதிஞ்சதுதான் வெளிய வரும்.

அதனால செஞ்சு பழகுறதைத் தவிர வழியில்லன்னு 1960கள்லயே அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல யோசிச்சாங்க. ட்வைட் ஆலனும் கூட இருந்தவங்களும் கொண்டு வந்த மைக்ரோ டீச்சிங்ல, நாலஞ்சு பேருக்கு அஞ்சு பத்து நிமிஷம் மட்டும் பாடம் எடுக்கணும், ஒரே ஒரு திறமையைத்தான் பழகணும், வீடியோ எடுத்து உடனே போட்டுப் பாத்து பேசிட்டு மறுபடி வேற பசங்களுக்கு அதே பாடத்தை எடுக்கணும். நல்ல யோசனை, ஆனா பல ட்ரெய்னிங் இடங்கள்ல இது ரெக்கார்ட் நோட்டு நிரப்புற வேலையா ஆயிடுது, திரும்ப எடுக்கிற பகுதியே விட்டுப்போயிடுது. கத்துக்கிறது நடக்குறதே அந்த ரெண்டாவது தடவையிலதான், அதை விட்டுட்டா அப்புறம் எதுக்கு?

வேலைக்கு சேந்த பிறகு, ஒரு கோச் கிளாஸுக்கு வந்து பாத்து, குறிப்பா ஒரு விஷயத்தை எடுத்து பேசி, அடுத்த முறை வந்து மறுபடி பாக்குற முறை இருக்கு. மேத்யூ கிராஃப்ட் உள்பட மூணு பேர் 2018ல 60 ஆய்வுகளை சேத்து அலசினதுல, பாடம் நடத்துற விதம் நல்லாவே முன்னேறியிருந்தது, பசங்களோட மார்க்கும் அந்த அளவுக்கு இல்லாட்டியும் கூடியிருந்தது. ஆனா சின்ன அளவுல நடத்தினப்போ கிடைச்ச பலன், நூத்துக்கும் மேல டீச்சர்கள்னு பெருசாக்கினப்போ கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு. நல்ல கோச்சுகள் அத்தனை பேர் கிடைக்கிறது கஷ்டம், கட்டாயத்துக்காக உக்காந்திருக்கிற டீச்சர்களும் கூடிடுறாங்க. அந்த கோச்சுகளை யார் எப்படி தயார் பண்றதுங்கிறதுலதான் இப்போ கவனம் போகணும்னு எனக்குப் படுது, அங்கயும் ஹால், ஸ்லைடுன்னு போனா வேலைக்கு ஆகாது.