அச்சகத்தாரே, அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் சம்மனோடு வந்து உட்கார்ந்தார். திருவல்லிக்கேணியில் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர். தேர்தல் நேரத்தில் ராத்திரி வந்த அவசர ஆர்டர், எதிர் வேட்பாளரைத் தாக்கி ஒரு நோட்டீஸ். அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை. "ஆர்டர் கொடுத்த பார்ட்டிதான் சார் போட வேண்டாம்னு சொன்னாங்க" என்றார். இந்தப் பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பிலேயே இருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்வது இது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து அலட்சியமாக இருக்கிறார்கள். சிறை என்ற சொல் கண்ணில் படுவதே இல்லை.

"கட்சிச் சின்னம் இருக்கு, வேட்பாளர் படம் இருக்கு, அப்புறம் என்ன?" என்பார்கள். ஐயா, படம் இருப்பதால் அச்சிட்டவர் யார் என்று தெரிந்துவிடுமா? அந்த வேட்பாளருக்கே தெரியாமல் யாரோ அவர் படத்தைப் போட்டு அடித்திருக்கலாம். சட்டம் கேட்பது உங்கள் பெயரை. பார்ட்டி வேண்டாம் என்று சொல்லி விலக்கித் தரக்கூடிய விஷயமே இல்லை இது.

இன்னொரு புதுக் குழப்பம். பத்திரிகைகளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் பொடி எழுத்தில் வருமே, அதைக் கட்டாயமாக்கியது 1867ஆம் ஆண்டுச் சட்டம். 2024 மார்ச் 1 முதல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. "பழைய சட்டமே போயிடுச்சே சார்" என்கிறார்கள். போனது வேறு சட்டம். 127ஏ அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர்களும் கவனியுங்கள்: கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே இங்கே அச்சுதான். கூட்டம் நடக்கும் தேதி, இடம், நேரம் போன்ற விவரங்களை மட்டும் அறிவிக்கும் நோட்டீஸுக்கு இது பொருந்தாது.

சரி, இனி செய்ய வேண்டியது. வெளியிடுபவர் தான் யார் என்பதைச் சொல்லித் தன் கையெழுத்துடன் தரும், அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்காமல் மெஷினை ஓட்டாதீர்கள். அச்சடித்ததும் அதில் ஒன்றை நோட்டீஸுடன் சேர்த்து அனுப்பிவிடுங்கள். சென்னையில் அச்சடித்தால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, வெளி மாவட்டம் என்றால் கலெக்டருக்கு. தேர்தல் ஆணையம் கொடுத்திருக்கும் கெடு மூன்று நாள். எத்தனை பிரதி, எவ்வளவு கூலி என்பதையும் எழுத வேண்டும்.

கையெழுத்துப் போட மறுக்கிறாரா? தயவுசெய்து அந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.