டியூபை மாற்றுவதற்கு முன் ஓமைப் பாருங்கள்

சர்வீஸுக்கு டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வு வைத்த ஹெட்போன் ஆம்பிளிஃபயர்) கொண்டுவருபவர்கள் தவறாமல் கேட்பது, "சார், இதுல எந்த டியூப் போட்டா நல்லாருக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "உங்க ஹெட்போன் எத்தனை ஓம்?" ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின், அதாவது இம்பீடன்ஸின், அளவு. பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஹெட்போனுக்கும் ஆம்புக்கும் கொட்டிக் கொடுத்த பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓ.டி.எல். வகை ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்காது. டியூபிலிருந்து கெப்பாசிட்டர் வழியாக ஹெட்போனுக்கு நேரடி இணைப்பு. அதனால் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் சொந்தத் தடை, எகிறிவிடும். கையால் கட்டும் கிட்டாகப் பேர் வாங்கிய பாட்டில்ஹெட் கிராக்கில் அது சுமார் 120 ஓம்.

சென்ஹைசர் ஹெச்.டி.650-ஐ அதில் மாட்டுங்கள். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கும். ஆனால் 80, 90 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது பேஸ் பகுதியில், அது 500 ஓமை நெருங்கும். 120 ஓமும் ஹெட்போனும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்வதால் நடுப்பகுதியில் சுமார் 2.9 டெசிபல் குறைகிறது, பேஸில் 1.9 டெசிபல்தான் குறைகிறது. ஆக பேஸ் 1 டெசிபல் தூக்கலாகிவிடுகிறது. 'டியூப் சவுண்டின் கதகதப்பு' என்று நாம் சிலாகிப்பதில் ஒரு நல்ல பங்கு இந்தக் கணக்குதான். டியூப் தானாகச் சேர்க்கும் மேல்சுரங்களுக்கும் (ஹார்மோனிக்ஸ்) பங்கு உண்டு, மறுக்கவில்லை. எனக்கும் அந்த ஜோடி பிடிக்கும்.

அதே ஆம்பில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் மிஞ்சும். பேஸ் தளதளவென்று ஆடும், கரெண்ட் போதாமல் ஒலி சிதறும். பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) ஹெட்போன் கதை வேறு. அதன் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் நிறம் மாறாது, ஆனால் கரெண்ட் கேட்கும். இந்த இரண்டுக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்போ, டியூபும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஹைப்ரிடோ பாருங்கள். 300 முதல் 600 ஓம் வரை என்றால் ஓ.டி.எல். தாராளமாக வாங்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டியூப் மாற்றலாம். சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. 6டிஜே8 என்ற டியூபின் ஹீட்டர் (அதைச் சூடாக்கும் இழை) 365 மில்லிஆம்பியர் இழுக்கும். அதே சாக்கெட்டில் உட்காரும் ரஷ்ய 6என்1பி 600 இழுக்கும். இரண்டு டியூபை மாற்றினால் ஏறக்குறைய அரை ஆம்பியர் கூடுதல் சுமை. டிரான்ஸ்பார்மர் கொதிக்கும், பிறகு கருகும். அப்படிக் கருகியவை என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

12ஏயூ7 டியூபுக்குப் பதில் 12ஏஎக்ஸ்7 போட்டுவிட்டு "திரை விலகினாப்ல இருக்கு" என்பார்கள். முன்னதன் ஆம்பிளிஃபிகேஷன் ஃபேக்டர் (சிக்னலைப் பெருக்கும் திறன்) 20-க்குள், பின்னது 100. சத்தம் கூடியதால் வந்த மயக்கம் அது. ஒப்பிடுவதாக இருந்தால் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்டேஜ் பாருங்கள். இரண்டு டியூபுக்கும் ஒரே அளவு வைத்துவிட்டுக் கேளுங்கள். பாதி வித்தியாசம் காணாமல் போகும்.

பழைய சரக்கு என்று விற்பதில் போலி ஏராளம். கண்ணாடி மேல் அச்சடித்த பெயரை யாரும் அச்சடிக்கலாம். பல டெலிஃபங்கன் டியூப்களில் அடிப்பக்கம் பின்களுக்கு நடுவே வைர வடிவம் கண்ணாடியிலேயே வார்த்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். உச்சியில் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வாங்காதீர்கள். பழைய ரேடியோ கடைகளில் நம் பெங்களூர் பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வுகள் கிடைத்தால் விடாதீர்கள். கரகரப்பு வந்தால் டியூபைக் குறை சொல்லுமுன் பின்களையும் சாக்கெட்டையும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துப் பாருங்கள். பென்சிலால் மெல்லத் தட்டும்போது 'டிங்' என்று காதில் கேட்டால் அது டியூபின் குற்றம்தான்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஆம்பில் 115 வோல்ட் என்றிருந்தால் நம் 230-இல் நேரடியாகச் செருகவே கூடாது. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 150, 200 வோல்ட் டி.சி. தங்கியிருக்கும், அது உயிரைக் குடிக்கும்.

வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஹெட்போன் மாட்டாமல், ஜாக்கில் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து ஆம்பை ஆன் செய்யுங்கள். முதலில் வோல்டேஜ் துள்ளும், அது இயல்பு, அதனால்தான் ஓ.டி.எல்.லில் டியூப் சூடான பிறகே ஹெட்போனை மாட்ட வேண்டும். சில நிமிடம் கழித்தும் மல்டிமீட்டர் டி.சி.யில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவுட்புட் கெப்பாசிட்டர் கசிகிறது. அதை மாற்றும்வரை ஹெட்போனை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.